ஒளியும் ஒலியும்: புலம்பெயர்ந்தோர் கலைக் கண்காட்சிகளும் நமது மரபும்

ஓசூரை அடுத்த மத்திகிரி, வந்து குடியேறியவர்களால் வளர்ந்த ஊராகும். கர்நாடக எல்லை அருகில் இருப்பதால் தமிழ், கன்னடம், தெலுங்கு, தக்கனி உருது ஆகிய நான்கு மொழிகளும் ஒரே கடைத்தெருவில் புழங்குகின்றன. 1824இல் தொடங்கப்பட்ட கால்நடைப் பண்ணை ஒரு காலத்தில் இவ்வூருக்குப் பெயர் தேடித் தந்தது. 1970களுக்குப் பின் ஓசூரில் தொழிற்பேட்டை வளர்ந்தபோது தென்மாவட்டத்தார் வந்தனர். அண்மை ஆண்டுகளில் பீகார், ஒடிசா, அஸ்ஸாம் மாநிலத் தொழிலாளர்களும் வந்து சேர்ந்துள்ளனர்.

இவ்வூர் இளைஞர்கள் சிலர், தத்தம் குடும்பங்கள் பிறந்த மண்ணிலிருந்து கொண்டுவந்த பழம்பொருட்களைத் திரட்டி ஒரு கண்காட்சி நடத்த விரும்பினர். கீழக்கரைப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம் ஒன்று அரபுத்தமிழ்க் கைப்பிரதி ஒன்றைத் தந்தது. பினாங்கில் வணிகம் செய்து திரும்பிய ஒருவரின் பேரர்கள் பழைய கைலிகளைத் தந்தனர். தக்கனி பேசும் முதியவர் ஒருவர் செப்பு நகரா ஒன்றைக் கொண்டுவந்தார். அவருடைய முன்னோர் தர்கா ஒன்றில் நகரா முழக்கியவர்கள்.

கண்காட்சிக்கு முன்பு அவ்விளைஞர்கள் நம்மிடம் வந்து, “ஹஜ்ரத், தொடக்க விழாவில் தப்ஸ் அடிக்கலாமா? இசை வைத்தால் குற்றமாகுமா? வண்ண விளக்குகள் போடுவது வீண்விரயத்தில் சேருமா?” என்று வினவினர். ஓதிக் கொடுக்கும் தொழிலில் இருப்பவர்கள் என்ன செய்வோமோ அதையே நாம் செய்தோம், கிதாபுகளைப் புரட்டினோம். இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் தமது மின்ஹாஜில் திருமணத்துக்கும் கத்னாவுக்கும் தப்ஸ் ஆகும் என்றும், பிற மகிழ்ச்சிகளுக்கும் ஆகும் என்பதே ஏற்றமான கருத்து என்றும் கூறியிருப்பதையும், இடை சிறுத்த கூபா என்னும் முழவை விலக்கியிருப்பதையும் எடுத்துரைத்தோம். இமாம் கஸ்ஸாலீ (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் செவியுறுதல் பற்றித் தனி நூலே வகுத்து, ஓசையை ஓசை என்பதற்காக மட்டும் விலக்காமல் அதனோடு சேர்ந்து வருவனவற்றையும் கேட்பவரின் நிலையையும் கொண்டு தீர்ப்பளித்திருப்பதை விளக்கினோம். விளக்கைப் பொறுத்தவரை தேவைக்கு மிஞ்சாதிருந்தால் போதும் என்றோம். இளைஞர்கள் மனநிறைவோடு திரும்பினர்.

விழா மாலையில் நாம் கண்டது வேறு. வாடகைக்கு அமர்த்தப்பட்ட ஒலி ஒளி அமைப்பாளர்கள் ஏதோ ஒரு பதிவு இசையை உரக்க ஒலிக்கச் செய்தனர். சுழலும் வண்ண விளக்குகள் கைப்பிரதியின் மீதும் நகராவின் மீதும் மாறி மாறி விழுந்தன. நகராவுக்கு உரியவர் பின்வரிசையில் அமர்ந்திருந்தார். கூட்டம் கலைந்த பின் அவர் நம்மிடம், “நகராவைக் கண்ணாடிக்குள் வைத்தார்கள், சரி. என்னையும் அல்லவா சேர்த்து வைத்துவிட்டார்கள்” என்றார். இளைஞர்கள் கேட்ட கேள்விக்கு நாம் சரியாகவே விடை சொல்லியிருந்தோம். ஆனால் அவர்கள் கேட்க மறந்ததும் நாம் கேட்டிருக்க வேண்டியதுமான கேள்வி ஒன்று இருந்தது. அதைத் தேடியே வரலாற்றின் பக்கம் திரும்புகிறோம்.

மஸ்ஜிதுன் நபவியில் வந்தவரின் விளக்கு

பள்ளிவாசல்களில் முதன்முதலாக விளக்கேற்றியவர் தமீமுத் தாரீ (ரலி) அவர்கள் என்று அபூ ஸயீத் அல்குத்ரீ (ரலி) அவர்கள் வாயிலாக வரும் அறிவிப்பை இப்னு மாஜாவில் காண்கிறோம். தமீமுத் தாரீ மதீனாவைச் சேர்ந்தவர் அல்லர். பலஸ்தீனப் பகுதியில் வாழ்ந்த லக்ம் குலத்தவர். கிறித்தவராக இருந்து ஹிஜ்ரி 9இல் இஸ்லாத்தைத் தழுவியவர். ஷாம் நாட்டிலிருந்து அவர் விளக்குகளும் எண்ணெயும் கொண்டுவந்த விவரத்தைப் பிற்கால நூலாசிரியர்கள் விரித்துரைக்கின்றனர். நமது வணக்கத்தலத்தை ஒளிபெறச் செய்த விளக்கு, வெளியூரிலிருந்து வந்த ஒருவர் தம் நாட்டு வழக்கத்தைத் தம்மோடு கொண்டுவந்ததன் பயனாகும்.

ஒலியின் கதையும் இதையொத்ததே. பெருநாள் ஒன்றில் அபிசீனியர் சிலர் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் பள்ளிவாசலில் ஈட்டியும் கேடயமும் ஏந்தித் தம் நாட்டு ஆட்டத்தை ஆடினர். அண்ணலார் (ஸல்) அதைத் தாமும் பார்த்து, அன்னை ஆயிஷா (ரலி) அவர்களையும் தமக்குப் பின்னால் நிறுத்திப் பார்க்கச் செய்தார்கள். அன்னையார் தாமே போதும் என்னும் வரை நின்றார்கள். உமர் (ரலி) அவர்கள் அந்த ஆட்டத்தைத் தடுக்க முற்பட்டபோது அண்ணலார் அவர்களை விட்டுவிடுமாறு பணித்தார்கள். ஸஹீஹான ஹதீஸ் நூல்களில் இடம்பெற்ற இச்செய்தியை, பெருநாளில் விளையாட்டு ஆகுமா என்ற சட்டத்துக்காகவே நாம் வழக்கமாக ஓதிக்கொடுக்கிறோம். இதில் இன்னொரு பாடமும் உண்டு. ஆடியவர்கள் கடல் கடந்த நாட்டினர். ஆடியது அவர்களுடைய சொந்த ஆட்டம். ஊரின் தலைவர் பார்வையாளராக நின்றார்கள். அவர்களுக்குப் பதிலாக மதீனத்தார் எவரும் அந்த ஆட்டத்தை ஆடிக் காட்டவில்லை.

புலம்பெயர்ந்தோர் பண்பாட்டைப் போற்றும் விழா ஒன்றுக்கு இதைவிடச் சிறந்த முன்மாதிரியை நாம் வேறெங்கும் தேட வேண்டியதில்லை.

நாகூரிலிருந்து தெலுக் ஆயர் வரை

தமிழ் முஸ்லிம்கள் கடல் கடந்தபோது சரக்குகளோடு ஒளியையும் ஒலியையும் கொண்டு சென்றனர். இதற்கு நாகூரே முதற்சான்று. 16ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஷாஹுல் ஹமீது ஆண்டகை அவர்களின் நினைவாக அங்கு நடைபெறும் 14 நாள் கந்தூரி, கொடியேற்றத்தில் தொடங்குகிறது. நாகப்பட்டினத்திலிருந்து வரும் கொடி ஊர்வலத்தில் கப்பல் வடிவில் அமைத்த இரதங்கள் விளக்கு அலங்காரத்தோடு பவனி வருகின்றன. ஐந்து மனாராக்களிலும் கொடி ஏறுகிறது. அவற்றுள் மிக உயர்ந்த 131 அடி மனாராவைக் கட்டித்தந்தவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப் சிங் (ஆட்சிக்காலம் 1739–1763). நகரா முழக்கமும், பக்கீர்கள் தாயிரா தட்டிப் பாடும் பைத்துகளும் கந்தூரியின் உயிர்நாடி. கடலோடிகளின் காவலராகப் போற்றப்பட்ட ஒருவரின் விழாவில் ஒளியேற்றப்பட்ட கப்பல் ஊர்வலம் போவது பொருத்தமே.

இதே மரபு கப்பலேறியது. பினாங்கின் சூலியா தெருவில் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நாகூர் ஆண்டகை பெயரால் ஒரு நினைவில்லம் எழுந்தது. சிங்கப்பூரின் தெலுக் ஆயர் தெருவில் 1828–1830 ஆண்டுகளில் நாகூர் தர்கா கட்டப்பட்டது. அன்று அத்தெரு கடற்கரையை ஒட்டியிருந்தது. கரையிறங்கியவர்கள் முதலில் கண்டது அதன் சிறு மனாராக்களையே. நிலம் மீட்கப்பட்டுக் கடல் பின்வாங்கிய பின் அக்கட்டடம் வானளாவிய அலுவலகங்களுக்கு நடுவே நின்றுவிட்டது. 1974இல் சிங்கப்பூர் அரசு அதைத் தேசிய நினைவுச் சின்னமாக அறிவித்தது. 2011இல் அது இந்திய முஸ்லிம் மரபுடைமை நிலையமாகத் திறக்கப்பட்டது. நேர்ச்சைக்காக விளக்கேற்றிய இடம், வரலாற்றை விளக்குவதற்காக ஒளியேற்றப்படும் இடமாக மாறியது.

சிங்கப்பூர் கேம்பல் லேனில் 2015 மே மாதம் திறக்கப்பட்ட இந்திய மரபுடைமை நிலையத்தையும் இங்குச் சேர்த்து நோக்கலாம். நான்கு மாடிகள் கொண்ட அக்கட்டடத்தின் முகப்பு வடஇந்தியப் படிக்கிணறுகளின் வடிவைத் தழுவியது. பகலில் திரைபோல் தோன்றும் அம்முகப்பு, இரவில் உள்ளிருந்து ஒளி பரவ, பின்னாலுள்ள வண்ணச் சுவரோவியத்தைத் தெருவுக்குக் காட்டுகிறது. கட்டடமே விளக்காகிவிட்டது எனலாம்.

ஒலியின் பயணமும் சுவையானது. நாகூரில் முழங்கும் நகராவின் பெயர் அரபியிலுள்ள ‘நக்காரா’ என்பதே. கெடா, பேராக், சிலாங்கூர், திரெங்கானு ஆகிய மலாய் அரசவைகளில் முடிசூட்டு விழாவின்போது முழங்கும் ‘நோபாத்’ குழுவில் இம்முரசு ‘நெங்காரா’ என்ற பெயரோடு இடம்பெறுகிறது. நோபாத் என்பதும் நமது தர்காக்களின் ‘நவ்பத்’ என்ற சொல்லே. பினாங்கில் போரியா என்ற ஆடல்பாடல் வகை இன்றும் உள்ளது. சென்னைப் படைப்பிரிவுச் சிப்பாய்கள் அங்கு நடத்திய முஹர்ரம் நிகழ்ச்சிகளே அதன் வித்து என்பர். காலப்போக்கில் அது மலாய்க்காரர்களின் கலையாகிவிட்டது. சிப்பாய்களின் சந்ததியினர் மறந்ததை அண்டை வீட்டார் நினைவில் வைத்துக்கொண்டனர்.

தெருவில் தடுக்கப்பட்டவை

இன்று மரபுடைமை என்று மண்டபங்களில் போற்றப்படும் ஒளியும் ஒலியும், நேற்று தெருவில் குற்றமாகக் கருதப்பட்டன. இதை மறந்தால் கண்காட்சி பொய்யாகிவிடும்.

மேற்கிந்தியத் தீவுகளில் ஒன்றான டிரினிடாடுக்கு 1845 முதல் 1917 வரை இந்தியக் கூலித் தொழிலாளர்கள் கரும்புத் தோட்டங்களுக்காகக் கொண்டு செல்லப்பட்டனர். கல்கத்தாவிலிருந்தும் சென்னையிலிருந்தும் சென்ற அவர்கள் முஹர்ரம் ஊர்வலத்தையும் உடன் கொண்டு சென்றனர். அங்கு அதற்கு ‘ஹோஸே’ என்று பெயர். மூங்கிலாலும் வண்ணக் காகிதத்தாலும் பல வாரங்கள் உழைத்து அவர்கள் கட்டும் ‘தாஜா’க்கள் உண்மையில் நடமாடும் கலைப்படைப்புகள். அவற்றுக்கு முன்னால் ‘தாஸா’ முரசுகள் முழங்கும். ஆட்டுத்தோல் போர்த்திய அம்முரசுகளை அவ்வப்போது நெருப்பில் காட்டிச் சூடேற்றினால்தான் நாதம் ஏறும். ஆகவே முரசு முழங்கும் இடத்தில் தீயும் எரியும். அவ்வூர்வலத்தில் இந்துக்களும் ஆப்பிரிக்க வழியினரும் கலந்துகொண்டனர்.

தோட்ட முதலாளிகளும் அரசும் இக்கூட்டங்களைக் கண்டு அஞ்சினர். ஊர்வலம் நகரங்களுக்குள் நுழையக் கூடாதென ஆணை பிறந்தது. 1884 அக்டோபர் 30ஆம் நாள் சான் பெர்னாண்டோ நகரை நெருங்கிய ஊர்வலத்தினர் மீது காவலர்கள் துப்பாக்கியால் சுட்டனர். பலர் மாண்டனர்; நூற்றுக்கு மேற்பட்டோர் காயமுற்றனர். அதே ஆண்டில் ஆப்பிரிக்க வழியினரின் கொண்டாட்டங்களை ஒடுக்க, தீவட்டி ஊர்வலத்தையும் முரசடித்தலையும் தடைசெய்யும் அதிகாரம் ஆளுநருக்குச் சட்டத்தின் மூலம் வழங்கப்பட்டது. ஆதிக்கத்தார் அஞ்சியவை ஆயுதங்கள் மட்டுமல்ல, விளக்கும் முரசும்தாம் என்பதை இச்சட்டம் காட்டிக்கொடுக்கிறது. உழைப்பாளிகளை ஓரிடத்தில் திரட்டும் ஆற்றல் அவை இரண்டுக்கும் உண்டு அல்லவா?

அன்று தடுக்கப்பட்ட ஹோஸே இன்று டிரினிடாடின் பெருமைகளுள் ஒன்று. ஹோஸேயைப் பற்றிய கண்காட்சி எதுவாயினும், தாஜாவின் அழகை மட்டும் ஒளியூட்டிக் காட்டி 1884ஐ இருளில் விட்டுவிடுமானால் அது பாதிக் கண்காட்சியே ஆகும்.

காட்சிக்கூடத்துக்குள் புகுந்த இசை

இசைப்பொருள் ஒன்று கண்காட்சிக்கு வந்த கதைகளுள் நம் வட்டாரத்தோடு தொடர்புடையது திப்பு சுல்தானின் புலியின் கதை. அந்நாளில் ஓசூர் மைசூர் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. 1791இல் காரன்வாலிஸ் படை ஓசூரைப் பிடித்தது. 1792 உடன்படிக்கையால் பாராமகால் ஆங்கிலேயருக்குச் சென்றது. 1799இல் திப்பு சுல்தான் வீரமரணம் எய்திய பின் ஓசூர்ப் பகுதியும் அவர்கள் கைக்குச் சென்றது. அதே 1799இல் ஸ்ரீரங்கப்பட்டண அரண்மனையின் இசைக்கூடத்திலிருந்து மரத்தாலான புலி ஒன்று எடுக்கப்பட்டது. ஐரோப்பியன் ஒருவனை வீழ்த்தி அவன்மேல் நிற்கும் அப்புலியின் வயிற்றுக்குள் ஊதுகுழல் இசைக்கருவி ஒன்று உண்டு. கைப்பிடியைச் சுழற்றினால் புலியின் உறுமலும் மனிதனின் ஓலமும் எழும்.

லண்டனிலிருந்த கிழக்கிந்தியக் கம்பெனி மாளிகையில் 1808 முதல் இது மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது. பார்க்க வந்தவர்கள் கைப்பிடியைச் சுழற்றிச் சுழற்றி விளையாடியதால், அங்கிருந்த நூலகத்தில் படிக்க வந்தவர்கள் அமைதி கெட்டுத் தொல்லையுற்றனர். ஒரு மன்னரின் எதிர்ப்பை உரைத்த ஒலி, அவருடைய பகைவரின் தலைநகரில் வேடிக்கை ஒலியாயிற்று. 1880 முதல் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் அது உள்ளது. பொருளும் ஒலியும் ஒன்றாக இருந்தும், ஒலிக்கச் செய்வோர் மாறும்போது பொருள் தலைகீழாக மாறிவிடும் என்பதற்கு இதுவே சான்று.

இதற்கு மாறான முயற்சியும் அதே லண்டனில் நடந்தது. 1976இல் நடைபெற்ற ‘இஸ்லாமிய உலக விழா’வின் முதன்மைக் கண்காட்சியை ஹேவர்டு கலைக்கூடத்தில் இரண்டாம் எலிசபெத் அரசியார் தொடங்கிவைத்தார். அவ்விழாவின் ஒரு பகுதியாக ஹார்னிமன் அருங்காட்சியகத்தில் இஸ்லாமிய உலகின் இசைக்கருவிகளுக்கெனத் தனிக் கண்காட்சி அமைக்கப்பட்டது. அக்கருவிகளை ஊமையாக நிறுத்திவிடாமல், அவற்றை வாழ்வில் வாசிப்போரின் இசையைப் பல நாடுகளிலும் பதிவுசெய்து ஆறு இசைத்தட்டுகளாகவும் வெளியிட்டனர். வாசிப்பவரின் கைக்கு அங்கே ஓரளவு மதிப்புக் கிடைத்தது.

விளக்கின் அளவு

ஒளி பற்றி இனி நடைமுறைச் செய்தி ஒன்றைக் கூற வேண்டும். மம்லூக் சுல்தான்கள் காலத்தில், 13, 14ஆம் நூற்றாண்டுகளில் செய்யப்பட்ட வண்ணக் கண்ணாடிப் பள்ளிவாசல் விளக்குகள் கெய்ரோ, லண்டன், நியூயார்க் அருங்காட்சியகங்களில் உள்ளன. அவற்றுள் பலவற்றின் கழுத்தில் ஸூரத்துந் நூரின் ஒளி வசனம் பொறிக்கப்பட்டிருக்கும். உள்ளே திரி எரியும்போது அவ்வெழுத்துகள் சுடர்விட வேண்டும் என்பது கைவினைஞரின் எண்ணம். இன்று அவற்றின்மேல் வெளியிலிருந்து மின்னொளி விழுகிறது. கண்ணாடி ஒளியைத் தாங்கும். ஆகவே அதில் கேடில்லை.

காகிதமும் துணியும் அப்படியல்ல. கையெழுத்துப் பிரதிகள், சாயமிட்ட ஆடைகள் ஆகியவற்றின் மீது 50 லக்ஸுக்கு மேல் ஒளி விழலாகாது என்பது அருங்காட்சியகத் துறையில் பரவலாகப் பின்பற்றப்படும் அளவு. எண்ணெய் வண்ண ஓவியங்களுக்கு 200 லக்ஸ் வரை இடமுண்டு. ஒளியால் விளையும் கேடு சேர்ந்துகொண்டே போகும். அறையை இருட்டாக்குவதால் மங்கிய மை திரும்ப வராது. 50 லக்ஸ் ஒளியில் நாளுக்கு எட்டு மணி நேரம் வைத்தால் ஒரு பிரதி பெறுவது 400 லக்ஸ் மணி. தொடக்க விழாவில் 2,000 லக்ஸ் மேடை விளக்கை மூன்று மணி நேரம் அதன்மேல் காட்டினால் அது பெறுவது 6,000 லக்ஸ் மணி. அதாவது 15 நாள் ஒளியை ஒரே மாலையில் அது விழுங்கிவிடுகிறது.

நமது சமுதாயத்து வீடுகளில் எஞ்சியுள்ள அரபுத்தமிழ் ஏடுகள் மிகச் சில. பழவேற்காட்டின் பெயரையே தாங்கி மலாய் மக்களால் ‘காயின் பெலிக்காட்’ என்று இன்றும் அழைக்கப்படும் கட்டமிட்ட கைலியின் பழைய மாதிரிகளும் சிலவே. கொண்டாட்டத்துக்காக ஏற்றும் விளக்கே அவற்றை அழிக்கலாகாது. வீண்விரயம் பற்றி நம்மிடம் கேட்ட இளைஞர்களுக்கு நாம் மின்கட்டணத்தை எண்ணியே விடை சொன்னோம். விரயமானது மையும் சாயமும் என்பதை எண்ணவில்லை.

செய்யத்தக்கது எளியதே. வண்ண விளக்குகளை வாயிலிலும் முற்றத்திலும் எவ்வளவு வேண்டுமானாலும் அளவோடு அமைக்கலாம். நாகூரிலும் ஒளி பெரும்பாலும் திறந்த வெளிக்கே உரியது. பொருட்கள் உள்ள அறையில் மங்கிய, நிலையான ஒளி போதும். வெளிச்சத்திலிருந்து வருவோரின் கண்கள் பழகச் சற்று நேரம் ஆகும். அதற்காக இடையில் ஒரு நடையை விடலாம். இசையும் அவ்வாறே முற்றத்தில் அமையட்டும். தப்ஸையும் நகராவையும் காய்ச்சச் சிறிது நெருப்பு வேண்டும். அதை ஏடுகளுக்கு அருகில் மூட்ட இயலாது.

நாம் கேட்கத் தவறியது

“இசை ஆகுமா?” என்று நம்மிடம் கேட்கப்பட்டது. “யார் வாசிக்கப் போகிறீர்கள்?” என்று நாம் திருப்பிக் கேட்டிருக்க வேண்டும். அதுவே நாம் தவறவிட்ட கேள்வி. மதீனாவில் அபிசீனியர் தாமே ஆடினர். ஸ்ரீரங்கப்பட்டணத்தின் புலியை வேற்றார் சுழற்றினர். இவ்விரண்டுக்கும் இடையிலேதான் பண்பாட்டு விழாக்களின் நேர்மை அடங்கியுள்ளது.

இதில் நமது சமுதாயத்துக்கும் ஒரு கடமை உண்டு. நகராவையும் கந்தூரி விளக்குகளையும் பித்அத் என்று ஒதுக்குவோரும், முன்னோர் வழி என்று போற்றுவோரும் நம்மிடையே உள்ளனர். இருசாராருக்கும் ஆதாரங்கள் உண்டு. மார்க்கத் தீர்ப்பு ஆலிம்களின் அவைகளுக்குரியது. ஆனால் ஒன்றைச் செய்ய வேண்டாம் என்று முடிவெடுப்பது வேறு. அது இருந்ததே இல்லை என்று மறைப்பது வேறு. கைவிட்டவர்களும் அதன் வரலாற்றை எழுதிவைக்கலாம். நாம் எழுதாவிட்டால் அருங்காட்சியகத்தின் பெயர்ப்பலகையைப் பிறர் எழுதுவர். போரியாவைப் போல, நம்முடையதை நாமே அடையாளம் காண இயலாத நாள் வரும்.

சில நாட்களுக்குப் பின் அந்த முதியவரின் வீட்டுக்கு நாம் சென்றோம். இளைஞர்களுள் இருவரும் உடன் வந்தனர். முற்றத்தில் சுள்ளிகளைக் கொளுத்தி நகராவின் தோலை அவர் காய்ச்சினார். விரலால் சுண்டிப் பார்த்தார். மீண்டும் தீயில் காட்டினார். அதற்கே கால்மணி நேரம் சென்றது. பிறகு, ஒலிபெருக்கி வராத காலத்தில் ரமழான் ஸஹருக்கு ஊரை எழுப்பிய முறையில் சிறிது நேரம் முழக்கினார். அண்டை வீட்டிலிருந்த பீகார் தொழிலாளர்கள் வெளியே வந்து நின்றனர். அவர்களுள் ஒருவர், தம் ஊரிலும் முஹர்ரத்தின்போது இவ்வாறே தோலைக் காய்ச்சுவார்கள் என்று இந்தியில் கூறினார். முதியவர் கோல்களை அவரிடம் நீட்டினார்.

அடுத்த கண்காட்சிக்கு அவ்விருவரையும் முற்றத்தில் அமரச் செய்வதென இளைஞர்கள் முடிவு செய்துள்ளனர். அன்று நாமும் இன்ஷா அல்லாஹ் பார்வையாளர் வரிசையில் நிற்போம்.